மிச்சம் பிடித்த பத்து நிமிடம்

போன மாதம் செல்வி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். புள்ளியியல் அலுவலகத்தில் என் கடைசி ஆறு வருஷமும் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். இன்றைக்கு அவளுக்குக் கீழே பத்துப் பேர். டீயைக் கையில் கொடுத்ததுமே அதை ஓரமாக வைத்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இதுல ஒரு கோடி வரிசை இருக்கு. நான் தட்டினதும் எண்ணுங்க."

எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் பட்டியல் மொத்தமும் வந்து நின்றுவிட்டது.

"உங்க காலத்துல இதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு கோடியா? சேர்ந்த அன்னைக்கு ஏத்த ஆரம்பிச்சிருந்தா ரிட்டயர் ஆகுற அன்னைக்கு முடிச்சிருப்பேன்."

சிரித்தாள். அப்புறம் வேகத்தின் ரகசியத்தைச் சொன்னாள். பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளில் எது எண், எது எழுத்து என்று மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம், அது யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். வேண்டாத பத்திகளைப் படிக்கவே விடக் கூடாதாம். ஒருமுறை ஏற்றியதைக் கணினிக்குப் பிடித்த வடிவத்தில் சேமித்துவிட்டால் அடுத்த தடவை இன்னும் வேகமாம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இந்த மூன்றையும் இவள் பிறப்பதற்கு முன்னாலேயே நான் செய்திருக்கிறேன்.

"அப்புறம் காலியாக் கெடந்த வரிசைகளைத் தள்ளிட்டேன்" என்றாள்.

"காலின்னா?"

"காலின்னா காலிதான்க்கா. ஊர்ப் பேரைத் தவிர ஒண்ணும் எழுதாதது. குப்பை."

நாலாவதையும் நான் செய்திருக்கிறேன். அதை அவளிடம் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அலுவலக மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். அதனால் எழுதுகிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ், தெரு முழுக்கத் தறிச் சத்தம். கணக்கில் பட்டம் வாங்கியதும் எனக்குத் தறியில் உட்காரவும் பொறுமை இல்லை, கல்யாணத்துக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லை. அறுபதுகளின் கடைசியில் மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அலுவலகம் மதுரையில். காலையில் முதல் பஸ்ஸில் ஏறிப் பாளையம்பட்டி தாண்டுவதற்குள் சாப்பாட்டுத் தூக்கில் பாதியைக் காலி செய்துவிடுவேன். பயிற்சி மூன்று மாதம். இரண்டாவது வாரமே எனக்குச் சலித்துவிட்டது.

எங்கள் பிரிவில் துளையிடும் மிஷின்கள் இரண்டு, சரிபார்க்கும் மிஷின் ஒன்று, அட்டைகளை வரிசைப்படுத்தும் ஸார்ட்டர் ஒன்று. இப்போதைய பிள்ளைகளுக்குப் பஞ்ச் கார்டு தெரியாது. கல்யாணப் பத்திரிகையை விடக் கொஞ்சம் நீளமான ஓர் அட்டை. அதில் எண்பது பத்தி. எந்தப் பத்தியில் எந்த உயரத்தில் ஓட்டை விழுகிறதோ அதுதான் எண். ஒருத்தி ஓட்டை போடுவாள். இன்னொருத்தி அதே தாளைப் பார்த்து அதே எண்களைச் சரிபார்க்கும் மிஷினில் மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் பூட்டிக்கொள்ளும். நான் தட்டும் வேகத்துக்கு மிஷின் அதிரும். பக்கத்து மேஜைக்காரி, "ஏய் நாகரத்தினம், அது என்ன உன் தறியா? மெதுவாடீ" என்பாள்.

பிரிவுக்குத் தலைவர் ஞானமுத்து சார். திருச்சுழிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலமாக ஒரு பென்சில். அவர் ஒரு அட்டைக் கட்டைக் கையில் எடுக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். முதலில் கட்டை விரலால் விசிறி மாதிரி விரித்து இடையில் காற்றுப் போக விடுவார். அப்புறம் மேஜைமேல் நாலு பக்கமும் தட்டுவார். அப்புறம் கட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒரே ஊர் அட்டைகள் என்றால் ஊர் எண்ணின் ஓட்டை எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் இருக்கும். அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் வர வேண்டும். வராவிட்டால் நடுவில் வேறு ஊர் அட்டை புகுந்திருக்கிறது. எல்லாம் முடிந்தபின் கட்டின் மேல் விளிம்பில், மூலைக்கு மூலை சாய்வாகச் சிவப்புக் கோடு இழுப்பார். ஒவ்வோர் அட்டை விளிம்பிலும் ஒரு புள்ளி விழும். கட்டு சிதறினாலும் அந்தப் புள்ளிகளை வைத்து அடுக்கிவிடலாம். ஓர் அட்டை காணாமல் போனாலும் கோட்டில் பல் விழுந்த மாதிரி தெரியும்.

"சார், மிஷின்தான் வரிசைப்படுத்துதே. எதுக்குக் கோடு?"

"மிஷினுக்குத் தெரியும்மா. எனக்குத் தெரிய வேணாமா?"

இப்படித்தான் பதில் வரும். எரிச்சலாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஒரு வருஷம் கிணற்றுக் கணக்கு வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, அதை ஒட்டிய வறண்ட வட்டாரங்களில் இருக்கும் பாசனக் கிணறு ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். கிணற்றுக்கு ஒரு தாள், தாளுக்கு ஓர் அட்டை. கிணற்றின் மொத்த ஆழம், தண்ணீரின் ஆழம், பாசனப் பரப்பு, பயிர் என்று எண்பது பத்தியும் நிறையும். அதிலிருந்து மூன்று அட்டவணை போட வேண்டும். முக்கியமானது ஊர்வாரியாகச் சராசரித் தண்ணீர் ஆழம். எந்த ஊரில் சராசரி குறைவோ அந்த ஊர் பட்டியலில் மேலே வரும். மேலே இருக்கும் ஊர்களுக்குக் கம்ப்ரஸர் வண்டி போகும். பாறையில் துளை போட்டு, வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தும் வண்டி. மொத்தமே மூன்று வண்டி. பட்டியலில் விட்டுப்போன ஊருக்கு அடுத்த வருஷம்தான்.

பஞ்ச் செய்து முடித்தபோது இருபத்தெட்டாயிரம் அட்டை. கையால் கூட்டினால் மழைக்காலமே வந்துவிடும். சென்னையில் ஒரு கல்விக்கூடத்துக் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். தவறவிட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்து.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அங்கே இருக்கும் மிஷின் நிமிஷத்துக்கு அறுநூறு அட்டை படிக்கும். ஒரு தடவை முழுக்கப் படிக்க முக்கால் மணிக்கு மேல். அங்கிருந்த புள்ளியியல் நிரலோ ஒவ்வோர் அட்டவணைக்கும் அட்டைக்கட்டை முதலிலிருந்து படிக்கும். மூன்று தடவை என்றால் இரண்டு மணி நேரம் போதாது. எல்லோரும் இரண்டு அட்டவணை போதும் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. ஒரு வாரம் தூக்கமில்லை. பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கமெல்லாம் கணக்கு. கடைசியில் வழி பிடிபட்டது. அட்டையை ஒரே ஒரு தடவை படிப்பது. படிக்கும்போதே எண்பது பத்தியில் நமக்கு வேண்டிய பதினாறை மட்டும் எடுத்துக் காந்த டேப்பில் எழுதிவிடுவது. மூன்று அட்டவணையையும் டேப்பிலிருந்து போடுவது. டேப்பு ஓட ஐந்து நிமிஷம் ஆகாது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்த நிரல் காலியாக இருக்கும் பத்தியைச் சுழியம் என்று படித்துக்கொள்ளும். அளப்பவர்களுக்குக் கொடுத்த கையேட்டில் தெளிவாக இருந்தது: கிணறு வற்றியிருந்தால் தண்ணீர்ப் பத்தியில் சுழியம் எழுதவும், அளக்க முடியாவிட்டால் காலியாக விடவும். அப்படியென்றால் அளக்காத கிணறெல்லாம் மிஷினில் வற்றிய கிணறாகிவிடுமே! காலி அட்டைகளை முதலிலேயே கழித்துவிட்டால் தப்பும் நடக்காது, சுமையும் குறையும். என்ன புத்திசாலித்தனம்!

ஞானமுத்து சாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"காலியா இருக்கிறது அம்புட்டும் போகாத கெணறுதானா?"

"கையேட்டில இருக்கு சார்."

"கையேட்டில இருக்கு. அளந்த ஆளுககிட்டக் கேட்டியா?"

"நேரம் இல்ல சார். ஞாயித்துக்கெழம அங்க இருக்கணும்."

காலி அட்டைகளைக் கழிக்க ஒப்புதல் தந்து கையெழுத்துப் போட்டார்.

ஸார்ட்டரில் தண்ணீர்ப் பத்தியை வைத்து ஓட்டினேன். எண் இருக்கும் அட்டைகள் அதனதன் தட்டில் போய் விழும். ஓட்டையே இல்லாதது ரிஜெக்ட் தட்டில் விழும். அன்றைக்கு ரிஜெக்ட் தட்டு நிறைந்துகொண்டே இருந்தது. எடுத்து எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன். ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. வெயிலில் அளக்கப் போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னது நினைவிருக்கிறது. மீதியை ஊர்வாரியாக மறுபடி வரிசைப்படுத்தி ரயில் ஏறினேன்.

சென்னையில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி குளிர். ஆபரேட்டர் பையன் என் பெட்டிகளைப் பார்த்து, "இன்னாம்மா, ஊரையே தூக்கினு வந்துட்டியா?" என்றான்.

"ஊரு இல்ல, கெணறு."

"கெணறா? அப்ப தண்ணி சிந்தாம வையி, மிஷின்ல கரண்டு ஓடுது."

இரண்டு தடவை அட்டை சிக்கியது. நசுங்கிய அட்டைகளை அங்கேயே புதிதாகத் துளைத்துச் செருகினேன். சாரின் நாலு பக்கத் தட்டலை நானே தட்டினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். டேப்பில் ஏறி முடிந்தது. முதல் அட்டவணை நாலு நிமிஷம். இரண்டாவது நாலு. மூன்றாவது அச்சாகி முடிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். என் நேரத்தில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி. ஆபரேட்டர் பையன் எழுந்து நின்று சலாம் போட்டான். மூன்று அட்டவணையும் முடித்து நேரத்தையும் மிச்சம் பிடித்தவள் என்று அலுவலகத்தில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

பட்டியல் தயாராகி மேலே போனது. நகல் ஒன்று எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. நாலாம் நாள் கருப்பையா அண்ணன் பயணப்படி பில்லோடு வந்தார். திருச்சுழிப் பக்கம் கிணறுகளை அளந்தவர்களில் ஒருவர். பலகையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், சேவலூரணில சராசரி பன்னெண்டடித் தண்ணின்னு போட்டிருக்கு?"

"ஆமாண்ணே. மிஷின் போட்ட கணக்கு."

"அப்ப மிஷினைக் கூட்டிட்டுப் போயிக் குளிக்க வைங்க. அங்கன காக்கா கூடத் தண்ணி குடிக்கப் பக்கத்து ஊருக்குப் பறக்குது."

"நீங்கதானேண்ணே அளந்தீங்க? எழுதாம விட்டா மிஷின் என்ன செய்யும்? ஆறாயிரம் கட்டம் காலி."

"காலியாத்தான் விடுவோம். கெணத்துக்காரனை எதிர்ல வச்சுக்கிட்டு அவன் கெணத்துக்குச் சுழி போட முடியுமா?"

பில்லை அவர் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அட்டைப் பெட்டியைத் திறந்து சேவலூரணிக் கட்டை எடுத்தேன். நாற்பத்தோர் அட்டை இருந்த இடத்தில் நாலே நாலு. மேல் விளிம்பில் சாரின் சிவப்புக் கோடு நாலு புள்ளியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடந்தது. அடுத்த ஊர்க் கட்டும் பொக்கை வாய். அதற்கடுத்ததும்.

மறுநாளே கருப்பையா அண்ணனோடு கிளம்பினேன். திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடை. இரண்டு பக்கமும் கருகிய பருத்திக்கட்டை. சேவலூரணியில் முதல் கிணற்று மேட்டில் என்னை விட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண், தலையில் கொண்டுவந்த குடத்தை இறக்கி வைத்து, மிளகாய்ச் செடிக்குச் செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு செடிக்கு ஒரு செம்பு, சிந்தாமல். பேர் பேச்சியம்மா.

கைப்பை வைத்த பெண் என்றால் அங்கே டீச்சர்தான். "வாங்க டீச்சரு. எந்தப் பள்ளிக்கூடம்?"

"டீச்சர் இல்லக்கா. கெணத்துக் கணக்கு ஆபீஸ்."

"கயித்துல கல்லைக் கட்டி எறக்கிப் பாத்தாகளே, அந்த ஆபீஸா? இந்தா நிக்கிறாரே, இவருதான் எறக்குனாரு. கல்லு போன மாதிரியே நனையாம வந்துச்சு."

"அப்ப வத்திருச்சுன்னு எழுதியிருக்கலாம்ல?"

அவள் முகம் மாறியது. "அந்த வார்த்தையைக் கெணத்து மேட்டுல நின்னு சொல்லாதீக டீச்சரு."

கருப்பையா அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இதான் மேடம்" என்றார்.

"அவரு எழுதத்தான் போனாரு" என்றாள் பேச்சியம்மா. "நாந்தான் கையைப் பிடிச்சேன். கெணத்துப் பேருக்கு நேராச் சுழி போட்டா ஊத்துக் கண்ணை நாமளே அடைச்ச மாதிரி. காலியா விட்டுட்டுப் போங்கன்னேன். காலியாக் கெடந்தா என்னான்னு படிச்சவுகளுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானால் அம்மா 'இல்லை' என்று சொல்லவே மாட்டாள். கடைக்குப் போகணும் என்பாள். பானையைத் திறந்து பார்க்காமலேயே எங்களுக்கு அது புரியும். இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டவள் ஆறாயிரம் கட்டத்தைப் பார்த்து, டீக்கடையில் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

"வண்டி எப்ப வரும் டீச்சரு? பங்குனிக்குள்ள வந்தாத்தான் இந்தச் செடி நிக்கும். இது போச்சுன்னா நாங்க திருப்பூருப் பக்கம் கெளம்ப வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரரு இப்பவே துணியக் கட்டிட்டாரு."

இந்த வருஷம் வண்டி இந்த ஊருக்கு வரவே வராது என்பதை அங்கே எப்படிச் சொல்வது? "பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று கிளம்பினேன். திரும்பும் மூன்று மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். கருப்பையா அண்ணன் பின்னாலிருந்து, "பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான் மேடம், ஓடினாலும் அஞ்சு மணிக்குத்தான்" என்று கத்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஞானமுத்து சார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிஜெக்ட் அட்டை எங்க?"

"பெட்டில இருக்கு சார். தூக்கிப் போடல."

"அதுல நெசமாவே போகாத கெணறும் கலந்துருக்கும்ல? எப்படிப் பிரிப்பே?"

யோசித்துக்கொண்டு நின்றேன். கயிறு. கல் நனையாவிட்டாலும் அடிவரைக்கும் போய்த்தான் திரும்பியிருக்கும். கிணற்றின் மொத்த ஆழம் எழுதியிருந்தால் அளந்த ஆள் அங்கே போயிருக்கிறார் என்று அர்த்தம். மொத்த ஆழம் இருந்து தண்ணீர் காலி என்றால் வற்றிய கிணறு. இரண்டும் காலி என்றால் போகாத கிணறு. அட்டையிலேயே பதில் இருந்திருக்கிறது. மொத்த ஆழம் என்பது நான் வேண்டாதது என்று டேப்பில் ஏற்றாமல் விட்ட பத்திகளில் ஒன்று.

சொன்னேன். சார் பென்சிலை எடுத்துப் பையில் வைத்தார். "ஓட்டு" என்றார்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆறாயிரத்தில் ஐயாயிரத்துக்கு மேல் வற்றிய கிணறுகள். கம்ப்யூட்டர் கிடைக்க மூன்று மாதம் ஆகும்; ஆனால் அதுவும் தேவைப்படவில்லை. சுழியத்தைக் கூட்டினால் தொகை மாறாது. சராசரிக்கு வகுக்கும் எண் மட்டும் மாறும். சேவலூரணியில் நாலு கிணற்றில் இருந்த நாற்பத்தெட்டடித் தண்ணீரை நாலால் வகுத்துப் பன்னிரண்டு என்று போட்டிருந்தோம். நாற்பத்தொன்றால் வகுத்தால் ஓரடிச் சொச்சம். கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷினில் நானும் பக்கத்து மேஜைக்காரியும் இரண்டு நாள் மாறி மாறிச் சுற்றினோம். ஒவ்வோர் ஊரையும் வகுத்து முடிக்கும்போது அந்த ஊர் பட்டியலில் மேலே ஏறியது. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நிறுத்த மனசு வரவில்லை.

அப்புறம் மேலிடத்துக்குத் திருத்தக் குறிப்பு. நானே எழுதினேன்: 'ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் கணக்கில் விடுபட்டுள்ளன.'

சார் படித்துவிட்டு அந்த வரியில் சிவப்பு முனையை வைத்தார். "தானா விடுபட்டுச்சா? அட்டைக்குக் காலு மொளச்சுப் போயிருச்சா?"

அடித்துவிட்டு, 'என்னால் நீக்கப்பட்டன' என்று எழுதினேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். தாளை வாங்கி அதற்குப் பின்னால் அவர் கையெழுத்தில், 'என் ஒப்புதலுடன்' என்று சேர்த்தார்.

"சார், நீங்க கேட்டீங்க. நாந்தான்…"

"கேட்டேன். கேட்டுட்டுக் கையெழுத்தும் போட்டேனே." பேனாவை மூடினார். "ஒரு ஊரு ஏறினா ஒரு ஊரு எறங்கும். எறங்குற ஊரு பேரையும் நீயே எழுது. அதையும் பாத்துக்க."

பதினோரு ஊர்ப் பேரை எழுதினேன். அதில் இரண்டு ஊர் எனக்குத் தெரிந்த ஊர்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாருக்கும் வந்தது, அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். ஆறாயிரம் அட்டை, நிமிஷத்துக்கு அறுநூறு. கழித்ததால் எனக்கு மிச்சமானது பத்து நிமிஷம். அன்றைக்குச் சென்னையில் என் கையில் பாக்கி இருந்தது இருபது. ஆறாயிரத்தையும் ஏற்றியிருந்தாலும் முடிந்திருக்கும்! போதாததற்கு, ஒன்றும் யோசிக்காத அந்த நிரல் காலியையெல்லாம் சுழியம் என்று படித்து, பேச்சியம்மாவின் கிணற்றைச் சரியாகவே கணக்கில் சேர்த்திருக்கும்.

கம்ப்ரஸர் வண்டி சேவலூரணிக்குப் பங்குனி கடைசியில் போனது. நானும் போனேன். செடியில் பாதி கருகியிருந்தது. பேச்சியம்மாவின் புருஷன் திருப்பூருக்குப் போயாகிவிட்டது; அவள் மட்டும் இருந்தாள். பதினைந்தடி வெடி வைத்தபின் பாறை இடுக்கில் கசிவு வந்தது. மூன்றாம் நாள் முழங்கால் அளவு. அவளுடைய கொழுந்தனார் கிணற்றில் ஒரு சொட்டு இல்லை.

அளவு எடுக்கக் கருப்பையா அண்ணன் கயிற்றை இறக்கினார். பேச்சியம்மா குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டடின்னு போடுங்க. நல்லாப் பெருசாப் போடுங்க." அடுத்து கொழுந்தனார் கிணறு. கல் புழுதியோடு வந்தது. அண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சுழி வேணாம்" என்றேன். "காலியாவும் விட வேணாம். ஏக்கா, என்ன எழுதினா நீங்க ஒத்துக்குவீங்க?"

பேச்சியம்மா யோசித்தாள். "கல்லு நனையலன்னு எழுதிக்கங்க. அது கல்லோட பாடு. கெணத்தை ஒண்ணும் சொல்லலைல்ல?"

அடுத்த கணக்கிலிருந்து எங்கள் தாளில் 'கல் நனையவில்லை' என்று தனிக் கட்டம் வந்தது. அட்டையில் அதற்கு எண்களுக்கு மேலே தனியாக ஓர் ஓட்டை, ஸார்ட்டரில் தனித் தட்டு. எந்த ஊரிலும் யாரும் கையைப் பிடிக்கவில்லை. ரிஜெக்ட் தட்டில் விழுந்ததை அதற்குப் பின் நான் ஓய்வு பெறும் வரை முதலில் கையில் எடுத்துப் பார்த்தேன். வேகத்தை விட்டுவிடவும் இல்லை. அது ரத்தத்தில் இருப்பது. அட்டை போய் டேப்பு வந்து, டேப்பு போய் டிஸ்க் வந்தபோதெல்லாம் புதிய மிஷினில் பெரிய பட்டியலை முதலில் ஏற்றிக் காட்டியது நான்தான்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மலருக்கு அனுப்புவதற்கு முன் செல்விக்குப் போன் செய்தேன்.

"தள்ளின வரிசை எத்தனைடீ?"

"ஒரு லட்சத்துக்குப் பக்கம்க்கா. ஒரு கோடியில அது ஒரு பொருட்டா?"

"எங்கயாவது வச்சிருக்கியா, அழிச்சிட்டியா?"

"மூலக் கோப்புல இருக்கு. ஏக்கா?"

"அதை மட்டும் தனியா ஏத்து. ஊர் வாரியா அடுக்கு."

தட்டும் சத்தம் கேட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்று எண்ணுவதற்குள் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னடீ?"

"அக்கா… எல்லாம் அங்கங்க சிதறித்தான் கெடக்கும்னு நெனச்சேன். ஒரே பக்கத்து ஊர்களாத்தான் வருது."

"சரி" என்றேன். "பேரைப் படி. ஒவ்வொண்ணா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."